விரிசல் விட்ட பழைய இழைப்புளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரணிலிருந்து இறக்கியதோ, பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கியதோ, பழைய இழைப்புளி ஒன்று கைக்கு வந்ததும் பலரும் அதன் வாயோரத்தில் தெரியும் மெல்லிய கோட்டைப் பார்த்துவிட்டு, இது இனி ஆகுமா என்று கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானவை இரும்பு இழைப்புளியைப் பற்றியவை. மர இழைப்புளிக்கான பதில்கள் பிற்பாதியில் உள்ளன.

பாகங்களின் பெயர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரத்தில் படிந்து நகர்வது அடித்தட்டு. அதில் அலகு எட்டிப் பார்க்கும் குறுக்குப் பிளவு வாய். இரு ஓரங்களிலும் எழுந்து நிற்பவை பக்கச்சுவர்கள். அலகு சாய்ந்து நிற்பதைத் தாங்கி என்றும், அலகை மேலிருந்து அழுத்துவதை மூடி என்றும், பின்னால் பிடித்துத் தள்ளும் மரத்தைப் பின்பிடி என்றும், முன்னால் கை வைக்கும் உருண்டைப் பிடியை முன்குமிழ் என்றும் குறிப்பிடுகிறேன்.

இது விரிசலா, வெறும் கீறலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அலகு, மூடி, தாங்கி, பின்பிடி, முன்குமிழ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உடலை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும். வாய் வழியாக ஒரு கயிற்றைக் கோத்துத் தொங்கவிட்டு, உளியின் மரப்பிடியால் பக்கச்சுவரில் மெல்லத் தட்டினால், குறையில்லாத உடல் சிறிது நேரம் நீடிக்கும் கணீர் ஒலியைத் தரும்; விரிசல் உள்ள உடல் சட்டென்று அடங்கிவிடும். பாகங்களைக் கழற்றாமல் தட்டினால் நல்ல உடலும் மந்தமாகத்தான் ஒலிக்கும் என்பதால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஒலியில் சந்தேகம் எழுந்தால், கோடு தெரியும் இடத்தில் மண்ணெண்ணெய் தடவி அரை மணி நேரம் ஊறவிட்டு, துணியால் நன்றாகத் துடைத்த பிறகு சுண்ணக்கட்டியை அழுத்தித் தேய்க்க வேண்டும். விரிசலுக்குள் இறங்கிய எண்ணெய் சில நிமிடங்களில் மேலே கசிந்து, வெள்ளைப் பூச்சில் கருங்கோடாகத் தெரியும். கீறலில் அப்படிக் கசிவதற்கு எண்ணெய் தங்காது. அந்தக் கருங்கோடு எங்கே முடிகிறது என்பதைப் பென்சிலால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அது தேவைப்படும். வெறும் கண்ணுக்குத் தெரிவதைவிட விரிசல் சற்றுக் கூடுதல் நீளம் ஓடியிருப்பதே வழக்கம்.

எந்த இடத்தில் விரிசல் இருந்தால் பயப்பட வேண்டும்?

இழைக்கும்போது விசை எந்த வழியாகப் பாய்கிறதோ அந்த வழியில் குறுக்கே விழுந்த விரிசல்தான் உண்மையான சிக்கல். பின்பிடியில் கொடுக்கும் தள்ளலும் அலகின் நுனியில் மரம் தரும் எதிர்ப்பும் வாய்ப்பகுதியில்தான் சந்திக்கின்றன. வாயின் இரு ஓரங்களிலும் முன்பாதியையும் பின்பாதியையும் இணைத்து நிற்பது அடித்தட்டின் குறுகிய பட்டையும் பக்கச்சுவரும் மட்டுமே. ஆகவே வாயின் மூலையில் தொடங்கிப் பக்கச்சுவரில் ஏறும் விரிசலை அப்படியே விடக்கூடாது. பின்பிடித் திருகு இறங்கும், அடித்தட்டிலுள்ள இரும்புக் குமிழைச் சுற்றிய விரிசலும் அதே வகைதான்.

பக்கச்சுவரின் மேல்விளிம்பில் ஒரு துண்டு உடைந்து போயிருந்தால், பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர வேலைக்குப் பெரிதாகக் குறை வராது. கூர்விளிம்பை அரத்தால் மழுக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். மூடியில் விரிசல் இருந்தால் அதைச் சரிசெய்யப் பாடுபடுவதைவிட வேறு மூடி தேடுவதே மேல். மூடி எப்போதும் அழுத்தத்தில் வளைந்தபடியே வேலை செய்வதால், ஒட்டுப்போட்ட மூடி நெடுநாள் தாங்காது.

கைக்கே கனமாக இருக்கிற இரும்பு, மேசையிலிருந்து விழுந்ததற்கா உடையும்?

உடையும். பெரும்பாலான பழைய இழைப்புளிகளின் உடல் சாம்பல்நிற வார்ப்பிரும்பால் ஆனது. அதில் ஏறக்குறைய 2.5 முதல் 4 சதவீதம் வரை கரி உண்டு. அதன் பெரும்பகுதி மெல்லிய ஏடுகளாக இரும்புக்குள் சிதறிக் கிடக்கிறது. உடைந்த பரப்பு சாம்பல் நிறமாகத் தெரிவது அதனால்தான். அந்த ஏடுகள் அதிர்வை அடக்குகின்றன, தேய்மானத்தைக் குறைக்கின்றன, அடித்தட்டை மரத்தின் மேல் வழுக்கி ஓடச் செய்கின்றன. அதே ஏடுகள் இழுவிசையின் முன்னால் உள்ளுக்குள் இருக்கும் சிறு விரிசல்களாகவே நடந்துகொள்கின்றன.

வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும் அளவில் மூன்றில் ஒரு பங்கு, சில வகைகளில் நான்கில் ஒரு பங்கு இழுவையைத்தான் தாங்கும். கீழே விழுந்தால் எஃகைப் போல வளைந்து கொடுக்கவும் அதற்குத் தெரியாது. இழைப்புளி சிமெண்டுத் தரையில் மூக்கு குத்தி விழும்போது வாய்ப்பகுதி கணநேரம் வளைய முயல்கிறது; வளைய முடியாமல் மூலையில் பிளக்கிறது. பழைய தச்சுப் பட்டறைகளின் மண்தரையில் இந்தச் சேதம் குறைவு.

விரிசலோடு அப்படியே வேலை பார்த்தால் என்ன ஆகும்?

மேல்விளிம்பு உடைசல் என்றால் ஒன்றும் ஆகாது. வாய்மூலை விரிசல் என்றால் முதலில் சீவல் சீராக வருவது நின்று, அலகு துள்ளும். விரிசல் ஒவ்வொரு தள்ளலிலும் இம்மியளவு திறந்து மூடுவதே அதற்குக் காரணம். பிறகு ஒருநாள் கடினமான கணு ஒன்றில் மோதும்போது அடித்தட்டு இரண்டாகும். முழு பலத்தோடு தள்ளிக்கொண்டிருக்கும் கை, உடைந்த விளிம்பின் மேல் போய் விழும் என்பதுதான் இதில் கவலைப்பட வேண்டியது.

விரிசல் முனையில் துளை போடச் சொல்கிறார்கள். உடைந்ததில் ஓட்டை வேறு போட்டால் இன்னும் பலவீனம்தானே?

பார்வைக்கு அப்படித் தோன்றினாலும், செயலில் நேர்மாறாகவே நடக்கிறது. விரிசலின் முனை ஊசியைவிடக் கூர்மையானது. விசை முழுவதும் அந்த ஒரு புள்ளியில் குவிவதால்தான் விரிசல் மேலும் ஓடுகிறது. அந்த முனையில் 2 அல்லது 2.5 மில்லிமீட்டர் துளை ஒன்று இருந்தால் விசை அதன் வட்ட விளிம்பில் பரவிவிடும், விரிசல் நின்றுவிடும். போகிற சிறிதளவு இரும்பு இந்தப் பயனுக்கு முன்னால் பொருட்டே இல்லை.

துளையைச் சரியான இடத்தில் போடுவதுதான் வித்தை. முதல் பதிலில் சொன்ன சுண்ணக்கட்டிக் கோட்டின் முடிவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி சென்டர் பஞ்ச் வைத்து இலேசாகத் தட்டி, குறைந்த வேகத்தில் துளைக்க வேண்டும். பஞ்சை ஓங்கி அடித்தால் அந்த அடியிலேயே விரிசல் இன்னும் ஓடிவிடும். வார்ப்பிரும்பைத் துளைக்க எண்ணெய் தேவையில்லை. கரித்தூள் போலப் பொடியாக உதிரும். துளைத்த பிறகு மண்ணெண்ணெய்ச் சோதனையை மறுபடி செய்து, துளையைத் தாண்டிக் கோடு போகவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எம்-சீல் வைத்து அடைத்தால் போதாதா? இல்லை அரால்டைட்?

எம்-சீல் போன்ற பிசைந்து அப்பும் பசை, குழாய்க் கசிவையும் சிறு பள்ளங்களையும் அடைப்பதற்கானது. பக்கச்சுவரில் போன துண்டின் வடிவத்தை நிரப்பவும், துருப்பிடித்த குழிகளை மூடவும் அது உதவும். இழுவிசை வரும் இடத்தில் அதை நம்ப முடியாது.

அரால்டைட் வகை இரட்டைப் பசைக்கு நல்ல பலம் உண்டு. ஆனாலும் மயிரிழை விரிசலில் ஒட்டுவதற்குப் பரப்பே கிடைப்பதில்லை. ஆகவே பசையைத் தனியாக விடாமல் ஒரு தகட்டோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். பக்கச்சுவரின் உட்புறம், விரிசலுக்குக் குறுக்கே, 1.5 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுப் பட்டையை வைத்து, விரிசலுக்கு இருபுறமும் இரண்டிரண்டு சிறு திருகுகளால் இறுக்கி, இடையே பசை பூசி ஒருநாள் முழுக்க அசையாமல் விட்டால் நன்றாகத் தாங்கும். வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் பல ஆண்டு எண்ணெய் ஊறியிருக்கும் என்பதால், ஒட்டுமுன் தின்னரால் துடைத்து, ஹாட் ஏர் கன்னால் சூடாக்கி, மேலே கசியும் எண்ணெயை மறுபடியும் துடைக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் பட்டை சில வாரங்களில் உரிந்துவிடும்.

பட்டை வைக்கும் முன் அலகை மாட்டிப் பாருங்கள். 4ஆம் எண் (ஸ்டான்லி என்ற அமெரிக்க நிறுவனத்தின் அளவு எண்) இழைப்புளியில் அலகுக்கும் பக்கச்சுவருக்கும் இடையே இருப்பது சில மில்லிமீட்டர் மட்டுமே. பட்டையும் திருகுத்தலையும் அந்த இடத்தை அடைத்துவிட்டால் அலகைப் பக்கவாட்டில் திருத்த முடியாமல் போகும். சூடு படாத இந்த முறையால் உடல் கோணுவதில்லை. இடம் ஒத்துவருமானால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தெருமுனை வெல்டிங் கடையில் கொடுத்தேன், பத்தே நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார். மறுநாள் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே புதுக் கோடு விழுந்திருக்கிறது. அவர் தப்பா, இரும்பு தப்பா?

முறைதான் தப்பு. கேட்டுக்கும் கிரில்லுக்கும் போடும் சாதாரண ராடு மைல்ட் ஸ்டீலுக்கானது. அந்த மின்வில்லின் (ஆர்க்) சூட்டில் வார்ப்பிரும்பு உருகி, சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை உடனே உறிஞ்சிக்கொள்வதால், உருகிய ஓரம் மிக வேகமாக ஆறுகிறது. கரி ஏடுகளாகப் பிரிந்து நிற்க நேரம் கிடைக்காமல் இரும்போடு சேர்ந்தே உறைவதால், வெல்டிங்கின் இரு ஓரங்களிலும் அரம் ஏறாத, கண்ணாடி போல நொறுங்கும் வெள்ளை வார்ப்பிரும்புப் பட்டை உருவாகிவிடுகிறது.

வெல்டிங் ஆறும்போது சுருங்கும். அந்தச் சுருக்கம் தரும் இழுவையை நொறுங்கும் பட்டை தாங்க வேண்டும். அது தாங்காமல் பிளந்ததைத்தான் மறுநாள் பார்த்திருக்கிறீர்கள். சில வேளைகளில் வேலை நடக்கும்போதே ‘டிக்’ என்று ஒலி கேட்கும். அப்படிப்பட்ட உடலில் மேலும் மேலும் வெல்டிங் ஏற்றுவது வீண். பழைய வெல்டிங்கை முழுவதும் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் அடுத்த முறைக்குப் போக வேண்டும்.

அப்படியானால் எந்த முறையில் பற்ற வைக்கச் சொல்வது?

இழைப்புளி போன்ற மெல்லிய வார்ப்புக்குக் கேஸ் கொண்டு செய்யும் பித்தளைப் பற்றுதான் பொருத்தம். இதில் வார்ப்பிரும்பு உருகுவதே இல்லை. ஏறக்குறைய 900 டிகிரி செல்சியசில் உருகும் பித்தளை ராடு, மங்கிய சிவப்பாகக் காய்ந்த இரும்பின் மேல் பரவிப் பிடித்துக்கொள்கிறது. வார்ப்பிரும்பு உருகுவதற்கோ 1150 டிகிரிக்கு மேல் வேண்டும். பித்தளை மென்மையானது என்பதால் ஆறும்போது ஏற்படும் சுருக்கத்தில் தானே சற்று நீண்டு கொடுக்கும், இரும்பை இழுத்துப் பிளக்காது.

வேலை வரிசை இப்படி இருக்க வேண்டும். விரிசல் முனையில் துளை போட்ட பிறகு, விரிசல் நெடுக அகலமான ‘வி’ வடிவப் பள்ளம் எடுக்க வேண்டும். கிரைண்டர் சக்கரம் கரியைப் பரப்பில் பூசிவிடுவதால் பித்தளை ஒட்டாமல் போகலாம்; முடிந்தவரை அரத்தால் எடுப்பதும், குறைந்தபட்சம் கடைசிப் பரப்பையாவது அரத்தால் முடிப்பதும் நல்லது. பள்ளத்தின் அடியில் காகித கனத்துக்கு இரும்பை விட்டுவைத்தால், இரு பாதிகளும் நழுவாமல் நேராக நிற்கும். பிறகு கனமான தட்டையான எஃகுக் கட்டையில் உடலைக் கிளாம்ப் போட்டுப் பிடித்து, முழு உடலையும் சீராகச் சூடேற்ற வேண்டும். வாயைச் சுற்றிய பகுதி ஒரு சட்டகம் போன்றது. ஒரு மூலையை மட்டும் காய்ச்சினால் அது விரிந்து எதிர்மூலையை இழுக்கும், அங்கே புதிய விரிசல் விழும்.

வெண்காரம் தூவி, ராடை வைக்கும்போது பித்தளை நீர் போலப் பரவ வேண்டும். உருண்டை உருண்டையாக நின்றால் பரப்பில் அழுக்கு இருக்கிறது, அல்லது சூடு போதவில்லை. வெண்புகை எழுந்தால் சூடு மிஞ்சிவிட்டது, பித்தளையிலுள்ள துத்தநாகம் ஆவியாகிறது என்று பொருள். அந்தப் புகையை மூச்சில் இழுத்தவருக்கு இரவில் குளிர்காய்ச்சல் போல வரும் என்பதால் திறந்த வெளியில்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். முடிந்ததும் உலர்ந்த சாம்பலிலோ மணலிலோ முழுவதும் புதைத்து, தானாக ஆறும்வரை, அதாவது மறுநாள்வரை, தொடக்கூடாது. தண்ணீர் கூடவே கூடாது.

பட்டறைக்காரர் விஷயம் தெரிந்தவரா என்று எப்படி அறிவது?

“கேஸ்ட் அயர்னுக்கு என்ன ராடு போடுவீர்கள், அண்ணா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். பித்தளை ராடு என்றோ, நிக்கல் ராடு என்றோ சொன்னால் மேற்கொண்டு பேசலாம். “எல்லாத்துக்கும் ஒரே ராடுதான்” என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பம்பு, மோட்டார் வார்ப்புகளைச் சரிசெய்யும் பட்டறைகளில் இந்தக் கை பழகியவர்கள் கிடைப்பார்கள். வார்ப்படத் தொழில் நிறைந்த கோவையில் தேடி அலைய வேண்டியதில்லை. சிற்றூர்களில் எஞ்சின் ரிப்பேர் செய்யும் லேத் பட்டறையில் விசாரிப்பது நல்லது.

நிக்கல் ராடும் தவறில்லை. 99 சதவீத நிக்கல் ராடு போட்ட இடத்தில் அரம் எளிதாக ஏறும். 55 சதவீத நிக்கலும் மீதி இரும்புமாக உள்ளது இன்னும் பலமானது. எதுவானாலும் ஒரே மூச்சில் ஓட்டாமல், விரல் அகலத்துக்குச் சிறு துண்டாகப் போட்டு, சூடாக இருக்கும்போதே சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி, கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறிய பிறகே அடுத்த துண்டைப் போட வேண்டும். அடித்தட்டின் கனம் பெரும்பாலும் 3 முதல் 4 மில்லிமீட்டர்தான் என்பதால், இழைப்புளிக்கு நான் பித்தளையையே விரும்புவேன்.

பற்ற வைத்து வந்த பிறகு அடித்தட்டு கோணிவிட்டது. தட்டி நிமிர்த்தலாமா?

வார்ப்பிரும்பைத் தட்டி நிமிர்த்த முடியாது. அதற்கான காரணம் மூன்றாவது பதிலில் இருக்கிறது. தேய்த்துத்தான் சமன்செய்ய வேண்டும். கனமான கண்ணாடித் தட்டில் 80ஆம் எண் எமரித் தாளை ஒட்டி, அடித்தட்டில் மார்க்கர் பேனாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுக்கொண்டு தேய்த்தால், மேடான இடங்களில் கோடு முதலில் அழியும். அலகை வாய்க்குள் இழுத்துவிட்டு, தாங்கியும் மூடியும் வேலை செய்யும்போது உள்ள இறுக்கத்திலேயே மாட்டியபடிதான் தேய்க்க வேண்டும், ஏனென்றால் அந்த இறுக்கமே அடித்தட்டை இம்மியளவு வளைக்கக்கூடியது.

முழுப் பரப்பும் மின்ன வேண்டும் என்பதில்லை. முன்முனை, வாய்க்கு முன்னுள்ள பட்டை, பின்முனை ஆகிய மூன்று இடங்களும் ஒரே மட்டத்தில் படிந்தால் போதும். வாய்க்கு முன்னுள்ள பட்டை மட்டும் பள்ளமாக இருக்கக்கூடாது. கோணல் ஒரு மில்லிமீட்டரை நெருங்கினால் கையால் தேய்ப்பதை விட்டுவிட்டு, சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்யும் பட்டறையில் கொடுங்கள். அதற்கு மேல் என்றால், தேய்த்து முடிப்பதற்குள் அடித்தட்டு மெலிந்துவிடும்.

ஒரே துருவாக இருக்கிறது. முதலில் துருவை எடுப்பதா, விரிசலைப் பார்ப்பதா?

துருவை எடுக்காமல் விரிசலின் முழு நீளம் தெரியாது என்பதால் துருதான் முதலில். ஆனால் விரிசல் இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் வினிகர், எலுமிச்சை உப்பு, புளிக்கரைசல் போன்ற புளிப்புகளில் ஊறவைக்க வேண்டாம். விரிசலுக்குள் இறங்கிய புளிப்பைக் கழுவி எடுக்கவே முடியாது. அது உள்ளிருந்தே அரித்துக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெயும் எமரித் தாளும் கம்பி பிரஷும் போதும். கொஞ்சம் கைவலி மிச்சம், அவ்வளவுதான்.

பின்பிடி மரம் நடுவில் பிளந்துவிட்டது. புதிதாகச் செய்வதா, ஒட்டுவதா?

பிளவு புதிதாக, இரு பாதிகளும் ஒன்றோடொன்று பொருந்துவதாக இருந்தால் ஒட்டுங்கள். பழைய அமெரிக்க இழைப்புளிகள் பலவற்றின் பிடி பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டால் ஆனது. அந்த மரத்தின் பன்னாட்டு வணிகம் 1992 முதல் தடைப்பட்டிருப்பதால் அதே மரத்தில் மாற்றுப்பிடி கிடைப்பது அரிது. எண்ணெய்ப் பசையுள்ள மரம் என்பதால் ஃபெவிகால் சரியாகப் பிடிக்காது. இரு முகங்களையும் தின்னரால் துடைத்து, உலர்ந்தவுடன் அரால்டைட் பூச வேண்டும். ஃபெவிகுவிக் அவசரத்துக்கு ஒட்டும். தள்ளும் அதிர்ச்சியில் விட்டுப்போகும்.

வளைந்த பிடியைக் கிளாம்பில் பிடிப்பது கடினம். பழைய சைக்கிள் டியூபை நீளப் பட்டையாக வெட்டி இழுத்துச் சுற்றினால் எல்லாப் பக்கமும் சம அழுத்தம் கிடைக்கும். திருகுக் கம்பி போகும் துளைக்குள் பசை வழிந்து அடைக்காமலிருக்க, மெழுகு தடவிய கம்பியை உள்ளே விட்டுவைத்து, பசை இறுகுமுன் ஒருமுறை திருகி உருவிவிட வேண்டும். பழைய பசை படிந்த பிளவு என்றால் அதைச் சுரண்டி எடுக்காமல் புதுப்பசை பூசுவதில் பயனில்லை.

பிடியின் திருகு தொலைந்துவிட்டது. எம்6 போல்ட் கிட்டத்தட்டப் பொருந்துகிறது, முறுக்கி ஏற்றிவிடலாமா?

வேண்டாம். நல்ல உடல்களில் புதிதாக விரிசல் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்டான்லி வகை இழைப்புளிகளின் பிடித் திருகு சுமார் 5.5 மில்லிமீட்டர் விட்டமும் அங்குலத்துக்கு 20 மரையும் கொண்டது. கடையில் கிடைக்கும் எந்த மெட்ரிக் போல்ட்டும் அதற்குச் சேராது. எம்6 இரண்டு சுற்று ஏறும், மூன்றாவது சுற்றில் ஆப்பு போல நின்று, இரண்டாவது பதிலில் சொன்ன குமிழைப் பிளக்கும். பழைய திருகு கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் அதே மரையில் கம்பி கடைந்து வாங்குங்கள்.

மர இழைப்புளியில் வாய்க்குப் பக்கத்தில் வெடித்திருக்கிறது. ஆப்பு அடிக்கும்போதெல்லாம் வெடிப்பு விரிகிறது. இதற்கும் தகடுதானா?

தகடு பிறகு. முதலில் வெடித்த காரணத்தைப் பாருங்கள். அலகை இறுக்கிப் பிடிக்கும் ஆப்பும் அலகும் உடலின் அகலத்துக்கு இறுக்கமாக இருந்தால், கோடையில் மரம் சுருங்கும்போது அலகு சுருங்காது. சுவர்கள் அலகை நெருக்கித் தாமே வெடிக்கும். எனவே ஆப்பின் இரு பக்கங்களையும் சீவி, அலகின் இருபுறமும் ஒவ்வொரு மில்லிமீட்டராவது இடைவெளி இருக்கும்படி செய்ய வேண்டும். ஆப்பு மேலும் கீழும்தான் இறுக்க வேண்டும், பக்கவாட்டில் நெருக்கக்கூடாது. இதைச் செய்யாமல் போடும் எந்த ஒட்டும் அடுத்த சித்திரையில் விட்டுப்போகும்.

பிறகு, வெடிப்பைச் சற்றே விரித்துப் பிடித்து, தண்ணீர் கலந்து இளக்கிய ஃபெவிகாலை மெல்லிய தகட்டு முனையால் உள்ளே செலுத்தி, கிளாம்ப் போட்டு ஒருநாள் விட வேண்டும். வெடிப்பு உடலின் உயரத்தில் பாதியைத் தாண்டியிருந்தால், குறுக்கே ஒரு மரை போல்ட்டை உள்ளடங்க இறக்கி இரு சுவர்களையும் பிணைக்கலாம். அலகு செல்லும் பாதைக்கு முன்னால்தான் அதற்கு இடம் உண்டு. வெளியே பித்தளைப் பட்டை அடிப்பது அழகுக்கு ஆகுமே தவிர, சிறு ஆணிகள் அந்த இழுவையைத் தாங்குவதில்லை.

மர இழைப்புளியின் முனையில் வெயில் காலத்தில் தெரிகிற வெடிப்பு மழைக்காலத்தில் மூடிக்கொள்கிறது. மரத்தூளும் பசையும் கலந்து அடைத்துவிடட்டுமா?

அடைக்காதீர்கள். வெயிலில் அடைத்த வெடிப்பில் மழைக்காலத்தில் மரம் ஊதும்போது அந்த அடைப்பே ஆப்பாக மாறி வெடிப்பை நீட்டும். முனைகளுக்கு ஆளிவிதை எண்ணெயைப் பலமுறை ஊட்டி, ஈரம் ஏறி இறங்குவதைக் குறைத்தால் போதும். வாய்வரை நீளாத முனைவெடிப்பால் வேலைக்கு இடைஞ்சல் இல்லை.

விரிசல் அலகிலேயே இருந்தால்?

அலகை எதனாலும் ஒட்ட முடியாது. விரிசல் வெட்டுமுனையில் சில மில்லிமீட்டருக்குள் முடிந்தால், அதைத் தாண்டிச் சாணை பிடித்துப் புதுமுனை எடுக்கலாம். அடிக்கடி தண்ணீரில் தோய்த்து, முனை நீலம் பாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நீலம் பாய்ந்த எஃகின் கடினம் போய்விடும். விரிசல் அதற்கு மேல் ஓடியிருந்தால் வேறு அலகு வாங்குங்கள்.

இதே பித்தளைப் பற்றை விரிசல் விட்ட சுத்தியலுக்கும் கோடாலிக்கும் போடலாமா?

கூடாது. இழைப்புளி தள்ளப்படும் கருவி, அந்த இரண்டும் அடிக்கும் கருவிகள். சுத்தியலின் முகமும் கோடாலியின் வாயும் கடினமாக்கிய எஃகு. பற்றவைக்கும் சூட்டில் அந்தப் பதம் கெடும். பற்று விட்டுப்போனால் சில்லு கண்ணை நோக்கிப் பறக்கும். தலையில் விரிசல் கண்ட சுத்தியலைப் பழைய இரும்புக்குப் போடும்போது, வேறொருவர் எடுத்துக் காம்பு போட்டுவிடாமல் காம்புத் துளையை அறுத்துவிட்டுப் போடுவது நல்லது. காம்பு மட்டும் வெடித்திருந்தால் அதையும் ஒட்டாமல் புதுக்காம்பே போட வேண்டும்.

பழைய ஸ்டான்லி என்றால் நல்ல விலை போகும் என்கிறார்களே. சரிசெய்தால் மதிப்பு குறையுமா?

லியோனார்ட் பெய்லி 1867இல் காப்புரிமை பெற்ற, அலகைத் திருகுச்சக்கரத்தால் ஏற்றி இறக்கும் அமைப்பை 1869இல் ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது. இன்று காணும் இரும்பு இழைப்புளிகளில் பெரும்பாலானவை அதே அமைப்பின் வழிவந்தவை. இவை பெரும் எண்ணிக்கையில் செய்யப்பட்டவை என்பதால், 4, 5ஆம் எண்கள் பழமை ஒன்றுக்காகவே விலை ஏறுவதில்லை. சேகரிப்பவர் விரிசலைக் கண்டதுமே விலையைக் குறைத்துவிடுவார். அந்தக் குறைவு நீங்கள் சரிசெய்வதால் வருவதில்லை. அரிதான எண் என்று தெரிந்தால் மட்டும், எதையும் தேய்க்காமல் விற்பது சரி. விற்கும்போது விரிசலையும் பற்றையும் சொல்லி விற்க வேண்டும். பெயிண்ட் பூசி மறைத்த பற்றை, முதல் பதிலில் சொன்ன ஒலிச்சோதனையும் சுண்ணக்கட்டியும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாம் சேர்த்தால் புது இழைப்புளி விலை வந்துவிடும் போலிருக்கிறது. விட்டுவிடலாமா?

இரண்டு வாய்மூலைகளிலும் விரிசல் இருந்தாலும், ஏற்கெனவே சாதாரண ராடால் பலமுறை வெல்டிங் செய்யப்பட்டிருந்தாலும், உடலை விட்டுவிடுவதே என் கருத்து. பற்றுக்கூலி, கிரைண்டிங் கூலி இரண்டும் கொடுத்த பிறகும் அது முழு நம்பிக்கைக்கு உரியதாகாது.

ஆனால் முழு இழைப்புளியையும் இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். அலகு, மூடி, திருகுச்சக்கரம், பிடித் திருகுகள், முன்குமிழ் ஆகியவற்றைக் கழற்றி, எண்ணெய் தடவி எடுத்துவையுங்கள். அதே எண்ணில் உடல் மட்டும் நன்றாக இருந்து மற்றவை தொலைந்துபோன இழைப்புளிகள் புதுச்சேரி ஞாயிற்றுச் சந்தை போன்ற இடங்களில் கிடைப்பதுண்டு. வாங்குமுன் உங்கள் பிடித் திருகு ஒன்றைக் கொண்டுபோய் அந்த உடலில் கையாலேயே முழுவதும் இறங்குகிறதா என்று பாருங்கள். தாங்கியை மட்டும் அதனதன் உடலோடு சேர்த்தே வாங்குவது நல்லது; ஒரே எண்ணானாலும் வெவ்வேறு காலத்து வார்ப்புகளில் தாங்கி உட்காரும் பரப்பு மாறியிருக்கும், வேறு உடலின் தாங்கி அதில் ஆடும்.